முட்டுக்கல்லை எடுக்காமல் போனவன்

மலைக் கிளை நிலையங்களுக்குப் புதிதாகப் போகிற கால்நடை ஆய்வாளர்களுக்கு என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த மாடு கட்டியிருக்கிற இடத்துக்கு முழுசாகப் போய்ச் சேருவது எப்படி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அதனால் நான் வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஊசி, மருந்து, பதிவேடு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

நான் கம்பைநல்லூர்க்காரன். சமதரையில் பைக் ஓட்டிப் பழகியவன். அரூர் சந்தை நாளில், ஒரு கையில் தடுப்பூசிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வருவேன். அந்தக் கெத்தோடுதான் சித்தேரி மலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கிற சமயம். அந்த வயதில் ஒருத்தருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று நிரூபணமாவது எவ்வளவு அவமானம் என்று உங்களுக்கு இப்போது புரியாது.

சித்தேரி வரைக்கும் தார்ரோடு, பஸ் போகும், குறையே இல்லை. ரோட்டிலிருந்து பிரிந்து நொச்சிமேட்டுக்குப் போகிற நாலு கிலோமீட்டர்தான் விஷயம். பாதை என்று ஒன்று இருக்கிறது என்பதை நீங்கள் ஊர்க்காரர்கள் சொல்லித்தான் நம்ப வேண்டும். பாதி தூரத்தில் வழுக்குப்பாறை. பஸ் நிற்கிற நீளத்துக்கு நாலு பங்கு நீளமாக, சரிந்து கிடக்கிற பாறை. அதன் நடுவே மழைத் தண்ணீர் அறுத்துப் போட்ட பள்ளம். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் இடம். சக்கரத்தை அதில் ஏதாவது ஒன்றில் வைத்து ஓட்ட வேண்டும்.

நான் மலைக்குப் போன இரண்டாவது வாரம் கோமாரித் தடுப்பூசி போடப் போனேன். பின்னால் ஐஸ் பெட்டி. வழுக்குப்பாறையில் பாதி ஏறியதும் எதிரே ஒரு கல் தெரிந்தது. அதில் ஏற்றிவிடக் கூடாது, ஏற்றிவிடக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு போய், சொல்லிவைத்தாற்போல அதன் மேலேயே ஏற்றினேன். நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், ஐஸ் பெட்டி ஒரு பக்கம். மருந்துப் பாட்டில்கள் பாறையில் உருண்டு போகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது கீழே இருந்து ஒரு மொபெட் ஏறி வந்தது. ஓட்டி வந்தது முப்பது வயசு மதிக்கிற ஒரு பெண். காலடியில் ஒரு புளி மூட்டை, பின்னால் ஒரு புளி மூட்டை. என்னைப் பார்த்ததும் பாறையிலேயே நிறுத்தினார். குதிகாலால் ஒரு கல்லை இழுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளி முட்டுக் கொடுத்துவிட்டு, இறங்கி வந்து என் வண்டியைத் தூக்கினார். நான் இன்னும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அடி பட்டுச்சிங்களா சார்?"

"இல்லம்மா. அந்தக் கல்லு வந்துடுச்சி."

"கல்லு எங்கயும் வர்லீங்க. நீங்கதான் அதயே பாத்துக்கினு வந்தீங்க. பாத்த எடத்துக்குத்தான் வண்டி போவும். போவ வேண்டிய எடத்தப் பாத்து ஓட்டுங்க சார்."

இருபது வருஷ சர்வீஸ்காரனுக்கு ஒரு புளி மூட்டைக்குப் பின்னால் இருந்து கிடைத்த பாடம் இது. கோபம் வந்தது. ஆனால் பாட்டில்களைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பதால் அடக்கிக்கொண்டேன். அன்றைக்கே இன்னும் இரண்டு சொன்னார். இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடிக்காதே, முதல் கியரில் போட்டு வண்டியை அதன் போக்கில் விடு. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் வழுக்குப்பாறையில் இறக்கி நடக்கவிடு, அது கலெக்டராக இருந்தாலும் சரி. இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் நொச்சிமேட்டுக்குப் போய் வந்துவிடலாம். நான் பதினோரு வருஷம் போய் வந்தேன்.

நான் சொல்ல வந்தது நாலாவதை. அதை அவர் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினார். முட்டுக் கொடுத்த மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு பாறை முடிகிற சமதளம் வரை ஏறினார். அங்கே ஸ்டாண்டு போட்டார். அவ்வளவு தூரம் திரும்ப இறங்கி நடந்து வந்து, தான் வைத்த முட்டுக்கல்லை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி ஏறிப் போனார். கொளுத்துகிற வெயில், இரண்டு மூட்டை வேறு இறக்க வேண்டியிருக்கிறது.

"எதுக்கும்மா இத்தன மெனக்கெடு?" என்றேன்.

"மேல இருந்து வர்றவங்களுக்கு இந்தக் கல்லு இங்க இருக்கறது தெரியாதில்லீங்களா?"

அவ்வளவுதான். அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் அதில் இன்னும் விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று நாலு வீட்டு வாசலில் ஒவ்வொரு கல் கிடந்தது. உட்கார உதவாது, துணி துவைக்க உதவாது, சும்மா ஒரு கல். சாமியா என்று கேட்டேன். மொபெட்டில் வந்த அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அந்த ஊரில் ஒரு பழக்கம். யாராவது முட்டுக்கல்லைப் பாதையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டால், பார்த்தவர்கள் அதைச் சுமந்து வந்து அவர் வீட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். வைக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கல்லுக்கு உரியவர் தானாகவே அதை எடுத்துக்கொண்டு போய் வழுக்குப்பாறைப் பள்ளத்தில் போட வேண்டும். அந்தக் கல்லால் யாருக்காவது சிரமம் வந்திருந்தால் அவர் வீட்டுக்குப் போய், நான்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லாத வரைக்கும் கல் வாசலிலேயே கிடக்கும்.

"வெளியூர் யாவாரிங்க எல்லாம் பைக்குல வர்றாங்களே, அவங்க வெச்சுட்டுப் போற கல்ல என்ன பண்ணுவீங்க?"

"வெளியாளுங்க கல்லயா? ஓரமாத் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிருவோங்க. அவுங்களுக்குப் போயி யாரு சொமப்பா?"

நல்ல பழக்கமாக இருக்கிறதே என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். அரூரில் டீக்கடையில்கூடச் சொல்லியிருக்கிறேன். வருஷக்கணக்கில் நானும் வைத்த கல்லை இறங்கிப் போய் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே ஒரு நாள் எடுக்கவில்லை. அந்த ஒரு நாளைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு அந்த மொபெட் அம்மாவே போன் செய்தார். நொச்சிமேட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு முருங்கை மரத்தடியில். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த மரத்துக் கிளையில்தான் மாட்டி வைத்திருப்பார்கள். ஊருக்கே அது பொது மணி மாதிரி. மரத்தடியில் நின்று அவர் பேசிய குரலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சார், மாடு விடியறதுக்கு முன்ன இருந்து முக்குதுங்க. ஒரு காலு மட்டும் வெளிய தெரியுது. தலையீத்துங்க சார், மொதக் கன்னு. சீக்கிரம் வாங்க."

அந்த மாட்டை அவர் சின்னக் கன்றாகக் கம்பைநல்லூர்ச் சந்தையில் வாங்கி, சரக்கு ஆட்டோவில் சித்தேரி வரை ஏற்றிவந்து, அங்கிருந்து நாலு கிலோமீட்டர் கூடவே நடத்திக் கூட்டிப் போனவர். அந்த வீட்டில் ஆள்களை எண்ணினால் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். நான் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் கிளம்பினேன். அன்றைக்குத் தனியாகத்தான் போனேன், பின்னால் மருந்துப் பெட்டி மட்டும்.

வழுக்குப்பாறையில் பாதியில் என்ஜின் அணைந்தது. அவசரத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன், வேறொன்றும் இல்லை. வண்டி பின்னால் சரியப் பார்த்தது. காலாலேயே ஒரு கல்லை இழுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். உரிக்காத தேங்காய் அளவு கல், குறுக்கே வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. நாலு உதை உதைத்துக் கிளப்பி, புகையாகப் புகைத்துக்கொண்டு ஏறினேன். மேலே சமதளம் வந்தது. ஸ்டாண்டு போட வேண்டும், இறங்கிப் போக வேண்டும், கல்லை எடுக்க வேண்டும்.

ஒரு கணம் நின்றேன். அதை மறைக்க மாட்டேன், கல் ஞாபகத்தில் இருந்தது. அங்கே மாடு கிடக்கிறது, இங்கே நான் கல் பொறுக்கிக்கொண்டிருப்பதா என்று நினைத்தேன். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம், அதற்குள் இந்த வழியில் யார் வரப் போகிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு முறுக்கினேன். மிச்சம் பிடித்தது மூன்று நிமிடம்.

மாடு கொட்டகையில் படுத்திருந்தது. தலைமாட்டில் மொபெட் அம்மா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தால் மாடும் எழப் பார்த்தது. கையை விட்டுப் பார்த்தேன். கன்றின் இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது, தலையும் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. கன்று உயிரோடு இருந்தது, விரலைச் சப்பியது. அரை மணி நேரம் முயன்றேன். என் கைக்கு அது அடங்கவில்லை. இங்கே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், என்னால் முடியவில்லை என்று சொல்வதற்கு அன்றைக்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நான் யோக்கியன்.

முருங்கை மரத்தடிக்கு ஓடி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் எங்கள் மருந்தகத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன வயசு, கை ஒல்லி, இந்த மாதிரி வேலைக்கு அந்தக் கைதான் வேண்டும். நல்ல வேளையாக மலைக்கு வரும் வழியில்தான் இருந்தார்.

"ரோட்டு முனை வரைக்கும் ஜீப்புல வந்துடுறேன். அங்கிருந்து யாராவது கூட்டிட்டுப் போங்க. கன்னு ஒரு மணி நேரம்தான் தாங்கும், பாத்துக்கோங்க" என்றார்.

மொபெட் அம்மாவின் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷர். பேச்செல்லாம் வீட்டம்மாவின் இலாகா. "நான் போயி கூட்டியாந்துர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தலை மறைந்த பிறகுதான் எனக்குக் கல் ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன். மொபெட் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவருக்குத் தெரியாத பாதையா, பார்த்துப் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டேனே தவிர, மாட்டைப் பார்த்ததைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்தேன். முக்கால் மணி நேரம் போனது. முருங்கை மரம் கூப்பிட்டது. டாக்டரம்மா.

"சார், நான் வந்து இருவது நிமிஷம் ஆச்சு. யாரையும் காணோமே?"

கொட்டகையில் அதற்குள் ஊரே கூடிவிட்டது. நாலு பேர் கயிறு கொண்டுவந்துவிட்டார்கள். வெளியே தெரிகிற காலில் கட்டி ஆளுக்கு ஒரு கை பிடித்து இழுத்துவிடலாம் என்று யோசனை. அப்படி இழுத்தால் கன்றும் போகும், மாடும் போகும். நான் இருந்தால் தடுக்கலாம். நான் போகாவிட்டால் டாக்டர் வர முடியாது. மருந்தும் புத்தகமும் உதவாத இடம் இதுதான். நீங்களும் ஒரு நாள் வந்து நிற்பீர்கள்.

மொபெட் அம்மாவிடம் போனேன். "நான் போயி டாக்டரக் கூட்டிட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் கயித்தத் தொட வுடாத. உன்னால ஆவுமா?"

அவர் மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. கயிற்றோடு நின்றவர்களைப் பார்த்து, "யாராச்சும் கிட்ட வாங்க பாப்போம்" என்றார். நாலு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். எனக்கு இருந்த தைரியமும் அதைப் பார்த்து வந்ததுதான்.

முறுக்கிக்கொண்டு போகலாம் போல்தான் இருந்தது. முதல் கியரில் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் இறங்கினேன். விழுந்து கிடக்கிற ஆளைத் தேடிப் போகிறவனும் விழுந்துவிட்டால் அன்றைக்கு நொச்சிமேட்டில் மூன்றாவது வண்டி இல்லை.

வழுக்குப்பாறையில் மொபெட் பள்ளத்துக்குள் குப்புறக் கிடந்தது. அவர் பாறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது தோளை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள்பட்டை எலும்பு உடைந்திருப்பது பார்த்தவுடனே தெரிந்தது. முகமெல்லாம் வியர்வை. நான் முட்டுக் கொடுத்த இடத்தைப் பார்த்தேன். கல் அங்கே இல்லை. அவருக்குப் பக்கத்தில், பாதையை விட்டு நன்றாகத் தள்ளி, வெள்ளைக் கோட்டோடு இருந்தது. எலும்பு உடைந்த மனுஷன், உட்காருவதற்கு முன்னால் ஒற்றைக் கையால் கல்லை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார்.

"என்னாச்சுங்க?" என்றேன். என்ன ஆனது என்று எனக்குத் தெரியாதா?

"ஒரு கல்லுங்க சார். யாரோ முட்டு வெச்சிட்டு எடுக்காம போயிட்டாங்க. நீங்க வருவீங்க, டாக்டரம்மா வருவாங்கன்னு எடுத்து வெச்சிட்டேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் என்ற ஒரே சொல். என் வாயில் வந்தது வேறு.

"எந்த மடையன் இப்படிப் பண்ணிட்டுப் போனான்? கொஞ்சமாச்சும் அறிவு வேணாம்?"

என்னை நானே திட்டிக்கொண்டது அது. அவ்வளவு பொருத்தமான திட்டு அந்த மலையில் யாருக்கும் விழுந்திருக்காது. அவர் என்னைப் பார்த்தார்.

"வுடுங்க சார். அவசரமாப் போயிருப்பாங்க" என்றார்.

துண்டை எடுத்து அவர் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினேன். வண்டியில் ஏறுங்கள் என்றேன். பாறையில் ஆளை ஏற்றக் கூடாதுங்களே என்று அந்த நிலைமையிலும் எனக்கு ஞாபகப்படுத்தினார். பாறை முடிகிற வரை நடந்தார், பிறகு ஏற்றிக்கொண்டேன். வழி நெடுக ஒரு முனகல் இல்லை. நான்தான் ஒவ்வொரு கல்லுக்கும் முனகிக்கொண்டு வந்தேன். ரோட்டு முனையில் டாக்டரம்மாவின் ஜீப் டிரைவர் அவரை ஏற்றிக்கொண்டு அரூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா என் பின்னால் உட்கார்ந்தார்.

அவருக்கு மலைப் பாதையில் பைக் அதுதான் முதல் தடவை. முதல் திருப்பத்தில், "சார், கொஞ்சம் நல்ல பக்கமாப் போங்களேன்" என்றார். நல்ல பக்கம் என்று ஒன்று இல்லை என்பதை இரண்டாவது திருப்பத்தில் அவரே கண்டுகொண்டார். வழுக்குப்பாறையில் இறங்கச் சொன்னதும், கும்பிடு போடாத குறையாக இறங்கி, பையை என்னிடம் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் ஏறிவிட்டார். நான் கல் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. போக வேண்டிய இடத்தைப் பார்த்து ஓட்டினேன்.

கொட்டகையில் கயிறு ஒரு மூலையில் சுருட்டிக் கிடந்தது. மொபெட் அம்மா வைத்த கை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா செய்ததை விவரிக்கப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். கிடேரிக் கன்று. விழுந்து கொஞ்ச நேரம் அசையவில்லை. மூக்கைத் துடைத்து, மார்பைத் தேய்த்து, தலைகீழாகத் தூக்கி, என்னென்னவோ செய்து, கடைசியில் அது ஒரு தும்மல் போட்டது. கயிறு கொண்டுவந்த நாலு பேரும்தான் அதிகமாகக் கத்தினார்கள். அப்புறம்தான் மொபெட் அம்மா, "இவரு எங்கீங்க சார்?" என்று கேட்டார்.

விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன், பயமில்லை என்று சொன்னேன். எப்படி விழுந்தார் என்று கேட்டார்.

"ஒரு கல்லும்மா."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.

எலும்பு சேர்ந்துவிட்டது. தோளில் சின்னதாக ஒரு மேடு மட்டும் நின்றுவிட்டது. அந்த வருஷம் சாமை அறுப்புக்கு அவர் போகவில்லை, அவர் பங்கையும் வீட்டம்மாதான் அறுத்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் அந்த ஊருக்குப் போய் வந்தேன். போகும்போதெல்லாம் அந்த வீட்டில் காபி கொடுப்பார்கள். கடைசி சில மாதம், அந்தக் கிடேரி கன்று போட்ட பிறகு, அதன் பாலிலேயே கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் டம்ளரைக் கையில் வாங்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருப்பேன். காபி முடியும், கிளம்பிவிடுவேன். அவர்களுக்குத் தெரியாது, தெரியாத விஷயத்தைக் கிளறி எதற்கு அவர்கள் மனசைக் கஷ்டப்படுத்துவது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். கஷ்டம் யாருக்கு என்பது தெரிந்துதான் இருந்தது. சொன்னால் இனி அந்தக் காபி இருக்காது என்று பயம்.

நான் ஓய்வு பெற்ற அன்று அரூரில் மருந்தகத்திலேயே விழா வைத்தார்கள். சால்வை, மாலை, கைக்கடிகாரம். இருக்கிறவர்கள் எல்லாம் என்னைப் புகழ்ந்து பேசினார்கள், நானும் ரொம்ப நல்லவன்தான் போலிருக்கிறது என்று நம்ப ஆரம்பித்திருந்த நேரத்தில் மொபெட் அம்மா உள்ளே வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. கனத்தில் பையின் காது நீண்டு தொங்கியது. மேடைக்கு வந்து என் காலடியில் பையை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மலைத்தேன் என்று யாரோ சொன்னார்கள். டாக்டரம்மா பையைத் திறந்தார். உரிக்காத தேங்காய் அளவு கல், குறுக்கே வெள்ளைக் கோடு. கூட்டம் ஒரு நிமிடம் முழித்தது. மலைக்காரர்கள் தங்கள் குலசாமியையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள் என்று ஒருத்தர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருத்தர் என் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து அதன் மேல் வைத்தார். ஏற்புரை பேசச் சொன்னார்கள். நான்கு வரி பேசியிருப்பேன், என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலையில் கல்லை வண்டியில் கட்டிக்கொண்டு மலை ஏறினேன். பதினோரு வருஷத்தில் பின்னால் பெட்டி எதுவும் இல்லாமல் அந்தப் பாதையில் போனது அன்றுதான். வழுக்குப்பாறைக்கு மேலே ஸ்டாண்டு போட்டுவிட்டு, கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்து பள்ளத்தில் போட்டேன். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் கொட்டகையில் இருந்தார்கள்.

"அன்னிக்குக் கல்ல வெச்சுட்டுப் போனது நான்தாங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். மூன்று வருஷமாக உருட்டி வைத்திருந்த சொல், நின்ற வாக்கிலேயே வந்துவிட்டது.

"தெரியுங்க சார்" என்றார் அவர்.

"எப்போலேர்ந்து?"

"அன்னிலேர்ந்தேங்க. நீங்க ஏறி வர்றப்போ மலை எதிரொலியில இங்க வரைக்கும் கேட்டுதுங்களே. பாறையில வண்டி நின்னுச்சி. நாலு ஒத ஒதச்சீங்க. அப்பறம் ஒரே முறுக்கா மேல வந்துட்டீங்க. நடுவுல நிறுத்தவே இல்ல. கல்லு அங்கதான் இருக்கும்னு தெரிஞ்சுதான் எறங்கினேன். டாக்டரம்மா காத்துக்கினு இருப்பாங்கன்னு கொஞ்சம் வேகமாப் போயிட்டேன். பாதி தப்பு எம்மேலயும்தாங்க."

அன்றைக்குப் பாறையில் உட்கார்ந்துகொண்டு அவர் "யாரோ" என்று சொன்னது எனக்காக. நான் "மடையன்" என்று கத்தியபோது அந்த மனுஷன் எப்படிச் சிரிக்காமல் இருந்தார் என்று தெரியவில்லை.

"ஏங்க என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

இதற்கு வீட்டம்மாதான் பதில் சொன்னார். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தோங்க சார். காபி குடிக்கறப்பல்லாம் வாயத் தொறப்பீங்க, மூடிக்குவீங்க. இவரு வுட்டுரு வுட்டுருன்னாரு. நான்தான் கல்ல எடுத்தாந்து பத்திரமா வெச்சிருந்தேன்."

எனக்கு ரோஷமும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அப்ப கீழ தூக்கி எறிஞ்சிட வேண்டியதுதான? அம்மாந்தூரம் பஸ்ஸுல சொமந்துக்கினு வந்து, அத்தன பேரு முன்னால வெக்கணுமா?"

"எறியறது வெளியாளுங்க கல்லத்தாங்க" என்றார் அந்த அம்மா. "உக்காருங்க சார், காபி வெக்கறேன்."